மார்கழிக் குளிருக்கும் சித்திரை வெயிலுக்கும் கார்புரேட்டர் செட்டிங்கை மாற்ற வேண்டுமா? (புல்லட் 350)

புல்லட் கோவை:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 350 இருக்கிறது. கார்புரேட்டர் மிக்கார்ப் வி.எம்.24, மெயின் ஜெட் (முழு ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் துளை) 90, பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் துளை) 25, நீடில் (இடைநிலை ஓட்டத்துக்குப் பெட்ரோலை அளக்கும் ஊசி) கிளிப் நடுக்காடியில் உள்ளது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் வண்டி எளிதில் கிளம்புவதில்லை. சோக் போட்டு உதைத்துக் கிளப்பினாலும், சோக்கை எடுத்த மாத்திரத்தில் நின்றுவிடுகிறது. ஓட்டத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. சித்திரை வந்தால் தொல்லை வேறு விதமாகிறது: மதிய நேரத்தில் சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் ஏறி இறங்குகிறது, பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்து உதைத்தால் வண்டி கிளம்ப மறுக்கிறது.

நான் வழக்கமாக விடும் பட்டறையில், குளிர்காலத்துக்கு மெயின் ஜெட்டை 95 ஆக மாற்றிவிட்டு, பங்குனியில் பழைய 90ஐத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை ஜெட் மாற்றுவது உண்மையிலேயே தேவைதானா? இடையிடையே ஊட்டிக்கும் போவதுண்டு என்பதால் அதையும் கணக்கில் கொண்டு விடை சொன்னால் உதவியாக இருக்கும்.

கிளாசிக் ராஜா:

ஜெட்டெல்லாம் மாற்ற வேண்டியதில்லை, அண்ணா. மிக்ஸர் ஸ்குரூவை வெளிப்பக்கமாக அரைச் சுற்று திருப்பினால் பெட்ரோல் கூடுதலாக வரும். குளிர் முடிந்ததும் அரைச் சுற்று உள்ளே திருப்பிவிடுங்கள். என் கிளாசிக் 350இல் இப்படித்தான் செய்கிறேன், எந்தப் பிரச்சினையும் இல்லை.

பட்டறை வாத்தியார்:

ராஜா தம்பி சொன்னது அவருடைய வண்டிக்குச் சரி. கேள்வி கேட்டவருடைய வண்டிக்கு நேர்மாறாகப் போய்விடும். கார்புரேட்டர் வைத்து வந்த பழைய கிளாசிக் 350இல் இருப்பது பி.எஸ்.29 என்ற வெற்றிட வகைக் கார்புரேட்டர். அதில் அந்த ஸ்குரூ எஞ்சின் பக்கமாக அமைந்து, பெட்ரோல் கலந்த கலவையின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே வெளியே திருப்பினால் ரிச் ஆகும், அதாவது கலவையில் பெட்ரோல் மிகும். மிக்கார்ப் வி.எம்.24இல் இருப்பது ஏர் ஸ்குரூ. அது ஏர் ஃபில்டர் பக்கமாக அமைந்து, பைலட் ஜெட்டுக்குப் போகும் காற்றை மட்டும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே வெளியே திருப்பத் திருப்பக் காற்று கூடி லீன் ஆகும், அதாவது கலவையில் பெட்ரோல் குறையும். குளிரில் ஏற்கெனவே லீனாக ஓடும் வண்டியின் ஏர் ஸ்குரூவை இன்னும் அரைச் சுற்று வெளியே திருப்பினால் காலையில் அது கிளம்பவே கிளம்பாது. எந்த வண்டியானாலும், ஸ்குரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுக்க வேண்டும்.

இனி மெயின் ஜெட்டுக்கு வருவோம். பருவத்துக்குப் பருவம் கலவை எவ்வளவு மாறுகிறது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். கோவையில் மார்கழி விடியற்காலை 18 டிகிரி என்றும் சித்திரை மதியம் 38 டிகிரி என்றும் வைத்துக்கொள்வோம். காற்றின் அடர்த்தி தனிவெப்பநிலைக்கு எதிர் விகிதத்தில் மாறும். டிகிரியோடு 273ஐக் கூட்டினால் தனிவெப்பநிலை. அதாவது 311ஐ 291ஆல் வகுத்தால் குளிர்க்காற்று சுமார் 7 விழுக்காடு அடர்த்தியானது என்று தெரிகிறது. ஆனால் கலவை அந்த 7 விழுக்காடும் லீனாகிவிடுவதில்லை. காற்று அடர்த்தியாகும்போது வென்சூரியில் (கார்புரேட்டரின் குறுகிய காற்றுவழி) உறிஞ்சல் விசையும் கூடி, ஜெட்டிலிருந்து சற்றுக் கூடுதலான பெட்ரோலை இழுத்துக்கொள்கிறது. ஆகவே கலவை விகிதம் அடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டியே மாறும். கோவையின் கோடிக் குளிருக்கும் கோடி வெயிலுக்கும் இடையே உள்ள வேறுபாடு மொத்தத்தில் மூன்றரை விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

மெயின் ஜெட்டை 90இலிருந்து 95க்கு மாற்றினால் என்ன ஆகும்? ஜெட்டில் பொறித்துள்ள எண் பெட்ரோல் பாயும் அளவைக் குறிக்கும் வகையானால் ஐந்தரை விழுக்காடு கூடும். துளையின் விட்டத்தைக் குறிக்கும் வகையானால் 11 விழுக்காடு வரை கூடும். இரண்டுமே தேவைக்கு மிஞ்சியவை. அதைவிட முக்கியமாக, மெயின் ஜெட்டின் ஆட்சி ஆக்சிலேட்டரை முக்கால் பங்குக்கு மேல் முறுக்கும்போதுதான் தொடங்குகிறது. மூடிய நிலையிலிருந்து அரைக்கால் பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும், அதற்கு மேல் கால் பங்கு வரை ஸ்லைடின் (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கிக் காற்றுவழியைத் திறக்கும் துண்டு) அடிவெட்டும், கால் முதல் முக்கால் வரை நீடிலும் கலவையைத் தீர்மானிக்கின்றன; எல்லைகளில் ஒன்றோடொன்று கலந்தே வேலை செய்யும். உங்கள் குறைகள் கிளம்புவதிலும் ஐடிலிங்கிலும் ஆக்சிலேட்டரை விடும்போதும் தோன்றுகின்றன. மூன்றும் பைலட் வட்டாரத்தைச் சேர்ந்தவை. மெயின் ஜெட்டை எத்தனை முறை மாற்றினாலும் காலைத் தொல்லை அப்படியே இருக்கும். நெடுஞ்சாலையில் மைலேஜ் மட்டும் குறையும்.

புல்லட் கோவை:

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் ஒரு சந்தேகம் எழுகிறது. மூன்றரை விழுக்காடு என்பது அவ்வளவு சிறிய வேறுபாடு என்றால், என் வண்டி ஏன் இப்படி அடம்பிடிக்க வேண்டும்? நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பு இதே மார்கழியில் இரண்டு உதையில் கிளம்பிய வண்டி இது.

பட்டறை வாத்தியார்:

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் மாறியது பருவம் மட்டுமில்லை; டேங்கில் ஊற்றும் பெட்ரோலும் மாறிவிட்டது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் விற்பனைக்கு வந்து, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், முழுமையாக எரிய அதற்குக் குறைந்த காற்றே போதும். ஒரு கிலோ தூய பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோ. இரண்டும் கலந்த இ20க்கு ஏறத்தாழ 13.5 கிலோ வருகிறது. தூய பெட்ரோலுக்கென்று துளையிட்ட ஜெட்டுகளில் இ20 ஓடும்போது கலவை ஏழெட்டு விழுக்காடு லீனாகிறது. இடையில் இருந்த இ10 (10 விழுக்காடு எத்தனால்) காலத்தோடு ஒப்பிட்டாலும் நான்கு விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு வருகிறது. நாம் சற்று முன் கணக்கிட்ட குளிர்-வெயில் வேறுபாட்டைவிட இது பெரியது என்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும் மாதம் மார்கழி.

இன்னொரு காரணமும் உண்டு. எத்தனால் ஆவியாக மாறுவதற்குப் பெட்ரோலைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினில் அந்த வெப்பத்துக்கு வழியில்லாததால், ஜெட்டிலிருந்து வந்த எரிபொருளில் ஒரு பகுதி துளிகளாகவே சுவரில் ஒட்டிக்கொள்கிறது. கணக்குப்படி போதுமான பெட்ரோல் வந்தாலும், தீப்பிடிக்கத் தகுந்த ஆவியாகச் சேர்வது குறைவு. இதற்காகத்தான் சோக் இருக்கிறது.

அந்தச் சோக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வி.எம். வகையில் இருப்பது காற்றை அடைக்கும் தகடு கிடையாது. கூடுதல் பெட்ரோலுக்கென்று தனியாகத் திறக்கும் ஒரு சிறு பாதை. ஸ்லைடு மூடியிருந்தால்தான் எஞ்சினின் உறிஞ்சல் அந்தப் பாதையில் முழுமையாக விழும். நம் ஊரில் பெரும்பாலோர் சோக்கைப் போட்டுக்கொண்டு ஆக்சிலேட்டரையும் முறுக்கியபடியே உதைக்கிறார்கள். முறுக்கிய அந்தக் கணத்திலேயே சோக் செயலற்றுப் போகிறது. கையை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு உதையுங்கள்.

சென்னைப் பயணி:

இடையில் ஒரு சிறு குறிப்பு. எங்கள் சென்னையில் வெப்பநிலை வேறுபாடு உங்கள் ஊரைவிடக் குறைவு. ஆனால் புழுக்கம் அதன் பங்குக்கு விளையாடுகிறது. 35 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில், எஞ்சின் இழுக்கும் காற்றில் மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல் வெறும் நீராவிதான். அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைந்து கலவை ரிச் பக்கம் சாய்கிறது. கடலோர ஊர்களில் கோடையில் வண்டி மந்தமாக இழுப்பதற்கு வெயிலைப் போலவே இதுவும் காரணம்.

உதகை ஆர்.எக்ஸ்.:

ஊட்டியைப் பற்றிக் கேட்டிருந்ததால் எழுதுகிறேன். மேலே வந்ததும் குளிரைப் பார்த்துவிட்டு, "குளிர் என்றால் லீன், ஆகவே பெட்ரோலைக் கூட்ட வேண்டும்" என்று ஏர் ஸ்குரூவை உள்ளே திருப்பும் நண்பர்கள் எனக்கு உண்டு. மலையில் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் முக்கால் பங்குதான். மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரியில் கிளம்பி இங்கே 15 டிகிரிக்கு வந்து சேர்ந்தால், குளிரால் காற்றின் அடர்த்தி ஐந்து விழுக்காடு கூடுகிறது, உயரத்தால் இருபது விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. கூட்டிக் கழித்தால் அடர்த்தி 17 விழுக்காடு குறைவு. வாத்தியார் ஐயா சொன்ன வர்க்கமூலக் கணக்குப்படி கலவை ஒன்பது விழுக்காடு ரிச். குன்னூர் தாண்டியதும் வண்டிகள் முக்கி முனகிக் கரும்புகை விடுவது இதனால்தான். ஒன்றிரண்டு நாள் சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் ஏர் ஸ்குரூவை அரைச் சுற்று வெளியே திருப்பினால் போதும். இறங்கும் முன் மறக்காமல் பழைய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

இறங்கும் முன் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வைத்திருப்பது யமஹா ஆர்.எக்ஸ்.100. இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் மலைக்கென்று மெயின் ஜெட்டைக் குறைத்துப் போட்டுவிட்டு, அப்படியே இறங்கிச் சமவெளிச் சாலையில் முழு ஆக்சிலேட்டரில் விரட்டினால், லீன் கலவையின் சூட்டில் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். போதாக்குறைக்கு, நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியே வரும்போது அதோடு இணைந்த ஆயில் பம்பும் குறைவாகவே எண்ணெய் விடும். புல்லட் இந்த விஷயத்தில் பொறுமையான வண்டி, ஆர்.எக்ஸ். அப்படியில்லை.

தை மாத மூடுபனிக் காலைகளில் இன்னொன்றும் நடக்கும். ஈரக்காற்று ஐந்து முதல் பதினைந்து டிகிரிக்குள் இருக்கும்போது, பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியில் கார்புரேட்டரின் உட்பகுதி உறைநிலைக்கும் கீழே போய், ஸ்லைடைச் சுற்றி மெல்லிய பனிப்படலம் பிடிக்கும். வெளியே தொட்டுப் பார்த்தால் கார்புரேட்டரின் அடியிலுள்ள பெட்ரோல் கிண்ணம் வியர்த்துச் சில்லென்று இருக்கும். ஐடிலிங் சிறிது சிறிதாக இறங்கி வண்டி நின்றுவிடும். ஐந்து நிமிடம் சாலையோரம் நிறுத்தினால் எஞ்சின் சூடு ஏறிப் பனி உருகி, ஒன்றுமே நடக்காததுபோல் மீண்டும் கிளம்பும். இதைச் செட்டிங் கோளாறு என்று எண்ணி ஸ்குரூவைத் திருகாதீர்கள்.

டொரன்டோ சிவம்:

உண்மையான பருவ வேறுபாடு எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று. இங்கே பனி அகற்றும் ஸ்னோ புளோவர் இயந்திரங்களில் இன்றும் கார்புரேட்டர்தான் பெரும்பாலும் இருக்கிறது. கோடையில் 30 டிகிரியில் சரியாக ஓடும் எஞ்சினை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் ஓட்டினால், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 20 விழுக்காடு கூடி, கலவை ஒன்பது விழுக்காட்டுக்கு மேல் லீனாகிவிடும். எஞ்சின் சீராக ஓடாமல் ஏறி ஏறி இறங்கும். பாதிச் சோக்கில் வைத்தால் அடங்கும். சூடான எஞ்சினில் சிறிது சோக் போட்டதும் ஓட்டம் சீரானால் அது லீன் என்பதற்கு அதுவே சான்று. உங்கள் புல்லட்டிலும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். இங்கே எண்ணெய் நிறுவனங்கள் குளிர்காலத்துக்கு எளிதில் ஆவியாகும் பெட்ரோலைத் தனியாகக் கலந்து விற்கின்றன. அதை வாங்கி வைத்துக் கோடையில் ஊற்றினால், வெயிலில் பெட்ரோல் வழியிலேயே ஆவியாகி அடைத்து வண்டி கிளம்பாமல் நிற்கும்.

புல்லட் கோவை:

சிவம் ஐயா சொன்ன சோதனையைச் செய்தேன். சூடான எஞ்சினில் சோக்கைச் சிறிது இழுத்ததும் ஐடிலிங் உயர்ந்து சீரானது. லீன் என்பது உறுதியாகிவிட்டது. இனி எந்த வரிசையில் செட்டிங் செய்வது என்று வாத்தியார் ஐயா சொல்ல வேண்டுகிறேன்.

பட்டறை வாத்தியார்:

முதலில் கார்புரேட்டரைத் தொடாமல் செய்ய வேண்டியவை இருக்கின்றன. டேப்பெட் (வால்வைத் தள்ளும் பகுதி) இடைவெளி, பிளக் இடைவெளி, ஏர் ஃபில்டர் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். ஃபில்டரில் கோடைப் புழுதி அடைத்திருந்தால் நீங்கள் செய்யும் செட்டிங் அந்தப் புழுதிக்கான செட்டிங்காகவே இருக்கும். பிறகு, ஐடிலிங்கில் ஓடும்போது, கார்புரேட்டருக்கும் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடைப்பட்ட இணைப்பின் மீது தெளிப்பானால் சிறிது தண்ணீரைப் பீய்ச்சுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அந்த இடத்தில் காற்றுக் கசிவு இருக்கிறது. சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பார்கள்; சூடான எஞ்சினின் மேல் அந்த விளையாட்டு வேண்டாம். சைலன்சர் பெண்ட் பைப் ஹெட்டில் பொருந்தும் இடத்தில் கசிந்தாலும் வெடிச்சத்தம் வரும். கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். காலையில் ஐடிலிங் குறைவதில் குளிர்ந்து கெட்டித்த 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயிலுக்கும் பங்குண்டு. முதல் சில நிமிடங்களின் மந்தத்துக்குக் கார்புரேட்டர் மேல் பழிபோட வேண்டியதில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தால், ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். ஐடிலிங் ஸ்குரூவால் ஓட்டத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள். ஏர் ஸ்குரூவை உள்ளே மெதுவாகத் திருப்பி, அது அமர்ந்ததும் நிறுத்துங்கள்; அழுத்தி முறுக்கினால் கூர்முனையும் அது அமரும் இடமும் கெட்டு, பிறகு எந்தச் செட்டிங்கும் நிற்காது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, கால் கால் சுற்றாக இரு பக்கமும் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் காத்திருந்து, எஞ்சின் எந்த இடத்தில் அதிவேகமாகவும் சீராகவும் ஓடுகிறது என்று காதால் பிடியுங்கள். ஐடிலிங்கை இறக்கிவிட்டு மறுபடியும் அதே இடத்தைத் தேடுங்கள். அந்த இடம் ஒன்றுக்கும் இரண்டரைக்கும் இடைப்பட்ட சுற்றில் கிடைத்தால் பைலட் ஜெட் சரியாக இருக்கிறது என்று பொருள். ஒரு சுற்றுக்கும் உள்ளே போனால்தான் சரியாகிறது என்றால் பைலட் ஜெட் சிறியது, அல்லது அதன் துளையில் பசை படிந்திருக்கிறது. இரண்டரைக்கும் மேல் போனால் ஜெட் பெரியது.

சித்திரை மதியத் தொல்லை தனிக் கதை. பத்து நிமிடம் நிறுத்தி வைக்கும்போது குளிரூட்டும் காற்று நின்றுவிடுவதால், ஹெட்டின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, கிண்ணத்திலுள்ள பெட்ரோல் கொதித்துப் பொங்கி உள்ளே வழிகிறது. கிளம்பாத வண்டிக்குப் பலரும் சோக் போடுகிறார்கள். ஏற்கெனவே பெட்ரோலில் குளித்திருக்கும் பிளக்கை அது இன்னும் நனைக்கும். சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து உதைத்தால் கிளம்பிவிடும். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தடித்த இன்சுலேட்டர் துண்டு, யாரோ எப்போதோ கழற்றியபோது தொலைந்து, இப்போது வெறும் பேக்கிங் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்; பழைய புல்லட்டுகளில் இதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

கிளாசிக் ராஜா:

ஸ்குரூ விஷயத்தில் தெளிவுபடுத்தியதற்கு நன்றி, ஐயா. பிளக்கின் நிறத்தைப் பார்த்தே இதையெல்லாம் சொல்லிவிட முடியாதா? செங்கல் நிறம் என்றால் சரி, கறுப்பு என்றால் ரிச், வெள்ளை என்றால் லீன் என்றுதானே சொல்வார்கள்?

பட்டறை வாத்தியார்:

சொல்வார்கள், தம்பி, ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் அது நல்ல அளவுகோலாகவும் இருந்தது. இப்போதைய எரிபொருளில், அதிலும் எத்தனால் கலந்ததில், சரியான கலவையிலேயே பிளக் வெளிறித்தான் தெரியும். அதை லீன் என்று எடுத்துக்கொண்டு ஜெட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போகக் கூடாது. தவிர, நகரத்துக்குள் ஓட்டி வந்து வீட்டு வாசலில் கழற்றிப் பார்த்தால் பிளக் ஐடிலிங்கின் நிறத்தைத்தான் காட்டும்.

புல்லட் கோவை:

நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன், ஐயா. தண்ணீர் தெளித்ததில் ஹெட் பக்கத்து இணைப்பில் சத்தம் மாறியது. கழற்றிப் பார்த்தபோது இன்சுலேட்டர் இருந்தது, ஆனால் கார்புரேட்டரின் முகப்பு லேசாக வளைந்து நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கண்ணாடிமேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து மட்டமாக்கிப் புதுப் பேக்கிங் போட்டேன். சைலன்சர் வெடிச்சத்தம் பெருமளவு அடங்கிவிட்டது. பைலட் ஜெட்டையும் சுத்தம் செய்தேன். ஆனாலும் ஏர் ஸ்குரூ முக்கால் சுற்றில்தான் சரியாக நிற்கிறது. பைலட்டை 27.5 ஆக மாற்றலாமா? நீடிலையும் ஒரு காடி உயர்த்த வேண்டுமா?

பட்டறை வாத்தியார்:

போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கித்தான் அந்த முகப்பு வளைகிறது. இனி இரு பக்கமும் சமமாக, மிதமாக இறுக்குங்கள். பைலட்டை 27.5 ஆக மாற்றலாம். மாற்றிய பின் ஏர் ஸ்குரூ ஒன்றரைச் சுற்றுக்கு அருகில் வந்து நிற்க வேண்டும். அது நிரந்தரமாக இருக்கட்டும். மார்கழிக்கு அங்கிருந்து கால் சுற்று உள்ளே, சித்திரைக்குக் கால் சுற்று வெளியே என்பதற்கு மேல் கோவைக்கு எதுவும் தேவைப்படாது.

நீடிலை இதே நாளில் தொடாதீர்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும். ஆக்சிலேட்டர் பிடியில் சிறு ஒட்டுத்தாளால் கால், அரை, முக்கால் எனக் குறியிட்டு, பாதி முறுக்கலில் மேடேறிப் பாருங்கள். இழுவை தயங்கினால் மட்டும் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கிப் போடுங்கள். நீடில் மேலே எழுந்து பெட்ரோல் கூடும். அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். மெயின் ஜெட் 90 அதுவரை அப்படியே இருக்கட்டும்.